ஏழாவது டக்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சி வண்டியில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் எனக்கு ஒரு பிரேக். பன்னிரண்டு வருடமாக அதை மிதித்து மிதித்து என் உள்ளங்காலில் காய்ப்பே விழுந்துவிட்டது. மாணவர்கள் நேரில் டீச்சர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பிரேக் அக்கா. எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் என் சீட்டைப் பின்னால் தள்ள வேண்டி வந்தது. அடியில் இருக்கும் கம்பியைத் தூக்கித் தள்ளினால் ‘டக்’ என்று ஓரிடத்தில் போய் நிற்கும். இன்னும் தள்ளினால் அடுத்த டக். முதல் டக் தள்ளிய அன்று வீட்டுக்காரனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். “உம் புள்ளைக்கு எடம் பத்தலையாம். ஒரு டக் தள்ளியாச்சு.”

அவன் கப்பலில் எஞ்சின் அறை ஃபிட்டர். கரை பக்கத்தில் வந்தால்தான் அவன் போனுக்கு உயிர் வரும். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. “ஒரு டக்னா எவ்ளோ வாத்தியாரே? எனக்கு எப்படித் தெரியும்? ஒரு போட்டோ அனுப்பேன்.”

அனுப்பவில்லை. ஒன்பதாவது வாரத்தில் அவன் கப்பல் ஏறினான். அப்போது எனக்கு வயிறும் இல்லை ஒன்றும் இல்லை, காலையில் எழுந்தால் வாந்தி மட்டும்தான். அவன் பார்க்காமல் வளர்ந்த இந்த வயிற்றை உள்ளங்கை அகலத் திரையில் காட்ட எனக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்து அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அப்போது அவன் முகம் போகிற போக்கை நான் பார்க்க வேண்டும். “போட்டோ கெடையாது. நேர்ல வந்து காட்டுறேன். அதுவரைக்கும் டக் கணக்குதான்” என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. கப்பலைத் தண்ணீரை விட்டு மேலே ஏற்றிப் பழுது பார்க்க, ஒரு துறைமுகத்தில் இருபது நாள் நிறுத்தப்போகிறார்கள். அந்த இருபது நாளும் மனைவிமார் போய்த் தங்கலாம். அதற்கப்புறம் கப்பல் கிளம்பினால் அவன் திரும்பி வரும்போது பிள்ளைக்கு நாலு மாதம் ஆகியிருக்கும். விமானத்தில் இடம் போட்டாகிவிட்டது. ஆனால் இருபத்தெட்டாவது வாரத்தில் பறக்கிறவள் டாக்டர் கையெழுத்திட்ட கடிதம் கொண்டுவர வேண்டும் என்று விமானக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு கையெழுத்து இருந்தால் அவன். இல்லாவிட்டால் போன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மயக்கம் வந்தது.

ஓட்டுநர் தேர்வு நடக்கும் மைதானத்தில் வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தேன். என் மாணவர் ஒருவர் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று காது அடைத்தது. வரிசையாக வைத்திருந்த சிவப்புக் கூம்புகள் எல்லாம் வெளுத்துப் போயின. கண் விழித்தால் நான் தரையில் கிடக்கிறேன், முகத்துக்கு மேலே ஏழெட்டுத் தலைகள். “தண்ணி தெளிங்கப்பா” என்று யாரோ சொல்ல, “கூம்பத் தொட்டா ஃபெயில்தான்” என்று நான் முனகினேனாம். எனக்கு நினைவில்லை. ஆனால் நான் சொல்லக்கூடிய ஆள்தான்.

டாக்டர் அம்மா நிதானமானவர். ரத்த அழுத்தம் பார்த்தார், குழந்தையின் துடிப்பைக் கேட்டார்.

“இந்த மாசத்துல ரொம்ப நேரம் நின்னா மயக்கம் வர்றது உண்டு. நிக்காதீங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. கண்ணு இருட்டினா அப்படியே உக்காந்துடுங்க, வெக்கப்படாதீங்க. அப்புறம் சுகர் டெஸ்ட் எடுக்கற நேரம் வந்தாச்சு. பன்னெண்டு நாள் கழிச்சு எடுத்துட்டு வாங்க.”

“லெட்டர், டாக்டர்?”

“டெஸ்ட் ரிசல்ட்டப் பாக்கறேன். மயக்கமும் திரும்ப வரக் கூடாது. ரெண்டையும் பாத்துட்டுத் தர்றேன்.”

இரண்டு சொன்னார். என் காதில் ஒன்றுதான் விழுந்தது. டெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டால் என் புத்தி வேறு பக்கம் போகாது, அது என் பிழைப்பு. போதாக்குறைக்கு வெளியே காத்திருந்த ஒரு பெண், கேட்காமலேயே, தன் தங்கைக்கு இந்த டெஸ்டில் சர்க்கரை வந்து கடைசி மூன்று மாதம் வாசலைத் தாண்ட விடவில்லை என்று கதை சொன்னாள். கதவை என் முகத்தில் சாத்தியது போல் இருந்தது. இந்த டெஸ்டில் நான் பாஸாகியே தீர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து சோறு கிடையாது. ரொட்டி, பழம், கிழங்கு, பால், எதுவும் கிடையாது. காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி வேகவைத்த கீரை. இனிப்பான எதையும் உள்ளே விடாமல் பன்னிரண்டு நாள் வைத்திருந்தால் ரத்தத்தில் சர்க்கரை எங்கிருந்து வரும்? இதுதான் என் கணக்கு. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களே.

வீட்டில் என் நாத்தனார் மட்டும்தான் துணை. அவன் தங்கை. பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை. நாக்கும் தொழிலுக்கு ஏற்றபடி இருப்பதால் அவளுக்குக் கத்திரி என்றே பெயர் வைத்துவிட்டோம். நாலாவது நாள் என் தட்டை எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணி, ஆட்டுக்குப் போடற மாதிரி வெறும் தழையா இருக்கு?”

“பசிக்கல.”

“உங்களுக்கா? போன மாசம் பாதி ராத்திரியில என் பங்கையும் சேத்து முழுங்கின ஆளு நீங்க. அண்ணனப் பாக்கப் போறதுக்கு முன்னாடி இடுப்பக் கொறைக்கறீங்களா? புள்ளைத்தாச்சிக்கு இடுப்பு எங்க இருக்குன்னு தேடறதே பெரிய வேலை!”

நானும் சிரித்து வைத்தேன். அவள் சோற்றுப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள். அந்த வாசனைக்கு எனக்கு அழுகை வந்தது. வெறும் சோறு, அதற்கு இப்படியா என்று எழுந்து போய் முகம் கழுவினேன்.

கப்பலை மேலே ஏற்றிவிட்டார்கள். இப்போது அவனுக்குத் தினமும் போன் கிடைத்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் பேசுவான். பின்னால் இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

“ரூம் பாத்துட்டேன் வாத்தியாரே. ஜன்னல் இருக்கு. ரெண்டு கட்டிலும் தனித்தனியா இருந்துச்சு. சேத்துப் போட்டுக் கயிறு கட்டிட்டேன். நடுவுல விழ மாட்ட.”

“கயிறு அவுந்துச்சுன்னா?”

“ஃபிட்டர் கட்டுன கயிறு. நீ அவுத்தாத்தான் உண்டு. இப்ப எத்தன டக்?”

“அஞ்சு.”

“யம்மா...” என்றான். பிறகு, “எப்ப வர்ற?” என்றான், தேதி தெரிந்திருந்தும்.

அவன் கை எனக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு கழுவினாலும் எண்ணெய் வாசனை போகாத அந்தக் கை. பிள்ளை உள்ளே உதைக்கும்போதெல்லாம் என் கையை வைத்துப் பார்ப்பேன். என் கை என் வயிற்றில் இருப்பதில் என்ன இருக்கிறது? அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது. பசியைக்கூடத் தாங்கிவிடலாம், இதைத்தான் தாங்க முடியவில்லை.

டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பு ஆறாவது டக் தள்ளினேன். பிரேக்கைக் கால் நுனிதான் தொட்டது. ஏழாவது தள்ளினால் எட்டாது, அன்றோடு வேலைக்கு விடுப்பு என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன்.

அன்றைக்குக் கடைசி வகுப்பு தையல் மாஸ்டருக்கு. வயது ஐம்பதைத் தாண்டியவர். முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்த கால் அது. காரில் ஏறினாலும் அது மெஷின் மிதிக்கும். மிதி, விடு, மிதி, விடு என்று வண்டி விக்கல் எடுத்துக்கொண்டே போகும். நான் அவரை மாஸ்டர் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். இரண்டு வாத்தியார்கள் ஒரு வண்டியில் உட்கார்ந்தால் யார் பேச்சை யார் கேட்பது? அவருக்கு அடுத்த வாரம் தேர்வு.

“டீச்சர், ரெண்டு நாளைக்கு முன்னாடியே கடைய மூடிட்டு ராப்பகலா ஓட்டிப் பாத்துடவா?”

“வேண்டவே வேண்டாம் மாஸ்டர். எல்லாருக்கும் சொல்றதுதான். டெஸ்டுக்காகப் புதுசா எதையும் செய்யாதீங்க. எப்பவும் ஓட்டற மாதிரி ஓட்டுங்க. அப்பத்தான் உங்க ஓட்டம் என்னன்னு அதிகாரிக்குத் தெரியும்.”

இதைச் சொன்ன வாய் என் வாய்தான். வயிற்றுக்குள் வெள்ளரிக்காய் மட்டும் இருந்தது.

தொழிற்சாலை மதில் ஓரமாக நீண்ட நேர் சாலை. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறச் சொன்னேன். சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, தெரியாது. கை சில்லிட்டது. மதில் ஒரு பக்கமாகச் சரிந்தது. கண்ணு இருட்டினா உக்காந்துடுங்க என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. நான்தான் உட்கார்ந்துகொண்டிருக்கிறேனே என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

விழித்தபோது வண்டி ஓரமாக நின்றிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது, கைப்பிரேக் இழுத்திருந்தது, இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் தன் தோள் துண்டால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

“இண்டிகேட்டர் போட்டுட்டுத்தான் நிறுத்தினேன் டீச்சர்” என்றார்.

ஐந்து மாதமாக அவர் ஒருமுறைகூட இண்டிகேட்டரை ஞாபகமாகப் போட்டதில்லை.

“மாஸ்டர், இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் பயணம் கெட்டுடும்.”

“சொல்ல மாட்டேன்.” துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “ஆனா டீச்சர், அந்த நேரத்துல என் கால் மெஷின் ஞாபகத்துல மிதிச்சிருந்தா?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் பக்கத்து பிரேக்கில் என் கால் இல்லை, அது எங்கேயோ துவண்டு கிடந்தது.

டெஸ்ட் அன்று வெறும் வயிற்றோடு போனேன். முதலில் ஒரு ஊசி, ரத்தம் எடுத்தார்கள். பிறகு குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், ஒரு பெரிய கிளாஸ். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், நடக்கக் கூடாது, வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒரு ஊசி, இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று. பன்னிரண்டு நாள் இனிப்பே காணாத நாக்கில் அந்தத் தண்ணீர் பட்டதும் உடம்பெல்லாம் அதிர்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கிளாஸின் அடியில் தங்கியதையும் ஆட்டிக் குடித்தேன்.

“கடைசி மூணு நாளா எப்பவும் போல சாப்பிட்டீங்கல்ல?” என்று ரத்தம் எடுத்த பெண் கேட்டாள்.

“நல்லா சாப்பிட்டேன்” என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள்.

மறுநாள் முடிவு வந்தது. அளவுக்கு மேல். ஒரு மணி நேர ரத்தத்திலும் அதிகம், இரண்டு மணி நேர ரத்தத்திலும் அதிகம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளரிக்காயைத் தின்று யாருக்காவது சர்க்கரை வருமா? யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போல் இருந்தது, யாரும் கிடைக்கவில்லை.

டாக்டர் அம்மா தாளைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

“கொஞ்சம் கூடத்தான் இருக்கு. பயப்படாதீங்க. சாப்பாட்டுலயே சரி பண்ணிடலாம். தினமும் விரல்ல குத்திப் பாக்கற மெஷின் ஒண்ணு வாங்கிக்குங்க.”

“அப்ப நான் போக முடியாதா?”

“ஏன் முடியாது? சுகர் இருந்தா பயணம் போகக் கூடாதுன்னு யார் சொன்னது? எத்தனையோ பேர் போறாங்க. மெஷினக் கையில எடுத்துட்டுப் போங்க, அவ்ளோதான்.”

மேஜை இழுப்பறையைத் திறந்து, அச்சடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். என் பெயரை எழுதினார், வாரத்தை எழுதினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் பயந்தது எதற்கோ, பட்டினி கிடந்தது எதற்கோ. அந்தக் கட்டில்கள், அந்தக் கயிறு, அந்த ஜன்னல், எல்லாம் அந்தப் பேனா முனையில் இருந்தன.

எழுதிக்கொண்டே கேட்டார். “மயக்கம் திரும்ப வரலையே?”

அவர் தலை நிமிரவில்லை. நான் ‘ம்ஹூம்’ என்றிருந்தால்கூடப் போதும். ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, இரண்டாவதற்கு என்ன கஷ்டம்? மாஸ்டரும் வாயைத் திறக்க மாட்டார். இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது அந்த இண்டிகேட்டர் சத்தம் காதில் கேட்டது. டிக் டிக். தயாராகாத ஒருவரைக்கூட நான் இதுவரை தேர்வுக்கு அனுப்பியதில்லை. கையைக் காலைப் பிடித்துக் கெஞ்சினாலும் அனுப்பியதில்லை. ரோட்டில் மற்றவர்களும் போகிறார்களே என்பேன். இப்போது என்னோடு ஒரு ஆள் வருகிறது, கெஞ்சக்கூடத் தெரியாத ஆள்.

“வந்துச்சு டாக்டர். மூணு நாள் முன்னாடி. ஓடற வண்டியில, உக்காந்திருக்கும்போது.”

பேனா நின்றது.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முட்டை, வெள்ளரிக்காய், கீரை, பன்னிரண்டு நாள், ஆய்வுக்கூடத்தில் சொன்ன பொய். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“மாவுச்சத்தே இல்லாம இருந்துட்டுத் திடீர்னு அவ்ளோ குளுக்கோஸக் குடிச்சா உடம்பால சமாளிக்க முடியாதும்மா. ரிசல்ட் அதனாலயே ஏறியிருக்கலாம். மூணு நாள் வயிறாரச் சாப்பிட்டுட்டு அடுத்த வாரம் மறுபடி எடுங்க.”

“சரி டாக்டர். மயக்கமும் பட்டினியாலதானே வந்துச்சு? இனிமே சாப்பிடுவேன். நாலு நாள்ல ஃப்ளைட்டு...”

“பட்டினியாவும் இருக்கலாம். ஆனா மொதல் மயக்கம் பட்டினிக்கு முன்னாடியே வந்துடுச்சு. ரெண்டாவது உக்காந்திருக்கறப்ப வந்திருக்கு. இதயத்த ஒரு தடவ முழுசாப் பாக்காம, மூணு வாரம் மயக்கம் இல்லாம இருக்கறதப் பாக்காம, என்னால உங்கள ஆகாசத்துல அனுப்ப முடியாது.”

மூன்று வாரம் என்றால் இருபத்தோரு நாள். கப்பல் நிற்பது இருபது நாள், அதிலும் எட்டு நாள் போய்விட்டது. டாக்டர் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். என் பெயர் எழுதிய பக்கம் மேலே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கத்திரி என் முகத்தைப் பார்த்தாள். சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து என் கையில் வைத்தாள். சாப்பிட்டேன். அழுதுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன். “மெதுவா அண்ணி, உங்க பங்க யாரும் புடுங்க மாட்டாங்க” என்றவள் தன் மூக்கையும் துடைத்துக்கொண்டாள்.

விமானம் என்னை விட்டுவிட்டுப் போனது. இரண்டாவது டெஸ்டில் சர்க்கரையே இல்லை, எல்லாம் சரியான அளவு. இதயத்தையும் பார்த்தார்கள், அதிலும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். இப்படி ஒரு பாஸைப் பார்த்து நான் என்றைக்கும் இவ்வளவு எரிச்சல் பட்டதில்லை. மாஸ்டரும் அதே வாரம் பாஸாகிவிட்டார். பிள்ளைக்கு என்று கையால் தைத்த ஒரு சின்னச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்காரனிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். “நல்ல வேள, டாக்டர்கிட்ட சொன்ன” என்றான். எனக்குச் சுருக்கென்று வந்தது. “என்னய்யா நல்ல வேள? நாலு மாசத்துக்கு மேல உன் மொகத்தப் பாக்கல!” என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அதற்கப்புறம் தினமும் பேசினோம், கட்டிலைப் பற்றி மட்டும் இருவருமே பேசவில்லை.

கப்பல் தண்ணீரில் இறங்க இரண்டு நாள் இருந்தது. பிடிவாதம் பிடித்து என்ன ஆகப் போகிறது என்று, சாயங்காலம் அவன் கூப்பிட்டதும் சொன்னேன்.

“போட்டோ அனுப்பறேன். கத்திரிய எடுக்கச் சொல்றேன். பாத்துக்கோ.”

“வேணாம்” என்றான்.

“ஏன்? கோவமா?”

“கோவம் எதுக்கு? நீ சொன்னது சொன்னதுதான். நேர்ல காட்டு.”

“நேர்ல எங்கய்யா காட்டறது? நீ வர்றப்ப வயிறே இருக்காது.”

அவன் பக்கம் இரும்புச் சத்தம் இல்லை. வேலை முடிந்து எல்லாரும் போயிருக்க வேண்டும்.

“இங்க ஒரு பழைய வண்டி இருக்கு. சாமான் ஏத்தற வண்டி” என்றான் மெதுவாக. “வந்த நாள்லேர்ந்து சாயங்காலமானா அதுல போய் உக்காந்துக்குவேன். டிரைவர் சீட்டுல. பக்கத்து சீட்ட உன் கணக்குப்படி தள்ளி வெப்பேன். நீ அஞ்சுன்னு சொன்னா அஞ்சு, ஆறுன்னு சொன்னா ஆறு. ஒரு டக்னா எவ்ளோன்னு கேட்டேன்ல? இப்பத் தெரியும் எனக்கு. முன்னாடி அவ்ளோ எடம் இருக்கு. கைய நீட்டி, இங்க வரைக்கும் வரும்னு பாத்துக்குவேன்.”

போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

“இப்பவும் அதுலதான் இருக்கேன். யாரையும் அங்க உக்கார விடறதில்ல. இன்னைக்கு எத்தன, வாத்தியாரே?”

“இரு” என்றேன்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே கீழே இறங்கினேன். பயிற்சி வண்டி வீட்டு வாசலில் நின்றிருந்தது. கதவைத் திறந்து என் சீட்டில் உட்கார்ந்தேன். அடியில் கையை விட்டுக் கம்பியைத் தூக்கிப் பின்னால் தள்ளினேன். டக். காலை நீட்டிப் பார்த்தேன், பிரேக் எட்டவில்லை.

“ஏழு” என்றேன்.

அவன் பக்கம் கம்பி தூக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் துருப்பிடித்த வண்டி போலிருக்கிறது, ஒரு முறை இழுத்து நகரவில்லை, மறுபடி இழுத்தான். டக் என்றது. பிறகு அவன் கையை நீட்டியிருப்பான்.

பிள்ளை உதைத்தது. “அங்கதான்” என்றேன். “கைய எடுக்காத.”